முதல் உலகப்போர்: ஒரு தோட்டாவும் முப்பத்தேழு நாட்களும்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, ரெண்டு வரதட்சணைக் கவிதை, பக்கத்தை நிரப்ப விடுகதை, ஜோக்ஸ் என்று வருவது வழக்கம். அவற்றுக்கு நடுவில் சரித்திரக் கட்டுரை எதற்கு என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். சரித்திரத்துக்கும் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. நம் நாஞ்சில் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. பொறுமையாகப் படியுங்கள்.

"முதல் உலகப்போர் ஏன் வந்தது?" நம் வகுப்பில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் ரெடியாக இருக்கும். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடமே அதுதானே! "சரயேவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரை ஒரு செர்பிய இளைஞன் சுட்டான், அதனால் போர் மூண்டது." கூடவே ராணுவக் கூட்டணிகள், தேசியவாதம், காலனி ஆசை என்று மூன்று காரணம் எழுதினால் முழு மார்க். நாகர்கோவில் நூலகத்தில் இந்தப் போரைப் பற்றிச் சாதாரண வாசகருக்காக எழுதப்பட்ட புத்தகங்களைத் தமிழில் கிடைத்தவரையும், ஆங்கிலத்தில் லிஃப்கோ டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிந்தவரையும் இந்த ஒரு வருஷத்தில் படித்தேன். பெரும்பாலான புத்தகங்கள் அதே பரீட்சைப் பதிலைத்தான் சுவையாக, நீட்டி எழுதியிருக்கின்றன. அந்தச் சுவையில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

முதலில் சம்பவத்தைப் பார்ப்போம்.

1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோபியும் சரயேவோவில் திறந்த காரில் போகிறார்கள். வழிநெடுக ஆறு இளைஞர்கள் ஆயுதத்தோடு காத்திருக்கிறார்கள். அதில் ஒருவன், நெடெல்கோ சாப்ரினோவிச், எறிந்த குண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த காரின் அடியில் வெடித்தது. இளவரசர் தப்பினார். டவுன் ஹாலில் வரவேற்பு முடிந்ததும், காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அதற்காக வழியை மாற்றினார்கள். மாற்றியதை டிரைவரிடம் சொல்ல மறந்தார்கள்! கார் பழைய வழியிலேயே வலதுபுறம் திரும்பியது. "இது வழியில்லை" என்று அதிகாரி கத்த, டிரைவர் பிரேக் போட, நின்ற இடத்துக்குப் பக்கத்தில் காவ்ரிலோ பிரின்சிப். இரண்டே தோட்டா. இருவரும் இறந்தார்கள்.

பிரின்சிப்புக்கு அப்போது வயது 19. நம் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் வயதுதான். இருபது நிறையாததால் ஆஸ்திரியச் சட்டப்படி தூக்கு இல்லை, இருபது வருஷச் சிறை. சிறையிலேயே காசநோயில் 1918 ஏப்ரலில் செத்துப்போனான்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும் கதைகளில் ஒரு சாண்ட்விச் வரும். பிரின்சிப் மனமுடைந்து ஒரு கடையில் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு நின்றானாம், தலையைத் தூக்கிப் பார்த்தால் கண்முன்னே இளவரசர் கார் நின்றதாம். ஒரு சாண்ட்விச்சால் உலகப்போர்! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2003-ல் வந்த ஒரு டெலிவிஷன் படத்துக்குப் பிறகுதான் இது ஊரெல்லாம் பரவியது. அந்தக் காலத்து சரயேவோவில் சாண்ட்விச் தின்னும் பழக்கமே இல்லை என்று பிற்பாடு எடுத்துக்காட்டினார்கள். அதை விடுங்கள். பிரின்சிப் அந்த முனையில் நின்றது தற்செயல் அல்ல. கார் எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே வெளியிட்டிருந்தார்கள், அந்தத் திருப்பம் அந்த வழியில் இருந்தது. அதனால்தான் அங்கே நின்றான். டிரைவர் செய்ததும் முதலில் சொல்லப்பட்டதைத்தான். தற்செயல் என்று சொல்லப்பட்டதில் பாதி இப்படியே கரைந்துபோகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் அப்பாவுக்கு அச்சில் வந்தது எல்லாமே உண்மை. "புஸ்தகத்துல போட்டிருக்கானே, பொய்யா போடுவான்?" என்பார். அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு புத்தகம் இரண்டு விதமாகப் போட்டிருந்தால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்தத் தேதியில் யார் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று எழுதிப் பார்ப்பது. நம் வொர்க்‌ஷாப் ஜாப் கார்டு மாதிரி.

அப்படி எழுதும்போதுதான் ஒன்று முகத்தில் அடித்தது. இளவரசர் இறந்தது ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் முழுசாக ஒரு மாதம்! இங்கிலாந்து போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. ஆக மொத்தம் முப்பத்தேழு நாள். தோட்டாதான் காரணம் என்றால் இந்த முப்பத்தேழு நாளும் என்ன நடந்தது? பல புத்தகங்களில் இதற்கு ஒரு பாரா கூட இல்லை. 'இதைத் தொடர்ந்து போர் மூண்டது' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

நடந்தது இதுதான். ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியா ஜெர்மனியிடம் கேட்டது: "நாங்கள் செர்பியாவை அடிக்கப்போகிறோம், ரஷ்யா குறுக்கே வந்தால் நீங்கள் எங்கள் பக்கம்தானே?" ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சர் வில்ஹெல்ம் சரி என்றார். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் என்று சரித்திரக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டு அவர் கப்பலேறி நார்வே பக்கம் உல்லாசப் பயணம் போய்விட்டார்.

சரி, உடனே அடித்தார்களா? இல்லை. ஏன் தெரியுமா? ஆஸ்திரியப் பட்டாளத்தில் பெரும்பகுதி ஜவான்கள் அறுப்புக்கு லீவில் போயிருந்தார்கள்! நாஞ்சில் நாட்டுக்காரர்களான நமக்கு இது உடனே புரியும். கன்னிப்பூ அறுப்பு நேரத்தில் கட்டடவேலைக்கு ஆள் கூப்பிட்டால் யார் வருவார்? லீவைப் பாதியில் ரத்து செய்தால் அறுப்பும் கெடும், ரயில்களும் குழம்பும், எதிரிக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஆகவே ஜூலை கடைசி வாரம்வரை பொறுத்தார்கள். இன்னொரு கணக்கும் இருந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே அப்போது ரஷ்யத் தலைநகரில் விருந்தாளியாக இருந்தார். அவர் ஜூலை 23-ல் கப்பல் ஏறினார். அவர் ஏறும்வரை காத்திருந்து, அதே நாள் சாயங்காலம் செர்பியாவிடம் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். பதில் சொல்ல 48 மணிநேரம். பிரான்சும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வழி இருக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அறுப்பு லீவையும் விருந்தாளி கிளம்பும் நேரத்தையும் கணக்குப் போட்டவர்களை 'தோட்டாச் சத்தத்தில் நிதானமிழந்தவர்கள்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

செர்பியா ஜூலை 25-ல் பதில் கொடுத்தது. பெரும்பாலான நிபந்தனைகளுக்குப் பணிந்தது. கெய்சர் அதை 28-ம் தேதி காலையில்தான் படித்தார். படித்துவிட்டு, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அதே நாள் ஆஸ்திரியா தந்தி மூலம் போரை அறிவித்துவிட்டது. பிறகு எல்லாம் வேகம். ரஷ்ய ஜார் நிக்கோலஸ் 29-ம் தேதி முழுப் படைதிரட்டலுக்குச் சம்மதித்து, கெய்சரின் தந்தியைப் பார்த்து இரவில் அதை நிறுத்தி, 30-ம் தேதி சாயங்காலம் மறுபடி சம்மதித்தார். (இந்த இரண்டு சக்கரவர்த்திகளும் உறவுக்காரர்கள். தந்தியில் ஒருவரையொருவர் 'நிக்கி', 'வில்லி' என்று அழைத்துக்கொண்டார்கள், அதுவும் ஆங்கிலத்தில்!) ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யா மீதும் 3-ல் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. 4-ம் தேதி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. பெல்ஜியத்தைக் காப்பதாக 1839-ல் உடன்படிக்கை போட்டிருந்த இங்கிலாந்து அன்றிரவு இறங்கியது.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கட்டம் ஆகஸ்ட் 1 சாயங்காலம். பிரான்ஸ் சண்டைக்கு வராமல் இங்கிலாந்து பார்த்துக்கொள்ளும் என்பதுபோல் லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. கெய்சருக்கு சந்தோஷம். "அப்படியென்றால் எல்லாப் படையையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு" என்றார். தலைமைத் தளபதி மோல்ட்கே முடியாது என்றார். ஏறக்குறைய 11,000 ரயில்களுக்கு நிமிஷக் கணக்கில் டைம்டேபிள் போட்டாயிற்று, ஒரு வருஷ வேலை, மாற்றினால் கையில் இருப்பது படையாக இருக்காது, சோறில்லாத கும்பலாக இருக்கும் என்பது அவர் வாதம். லண்டன் செய்தி தவறான புரிதல் என்று அன்றிரவே தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம். ஏ.ஜே.பி. டெய்லர் என்ற ஆங்கில ஆசிரியர் 1969-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்: போரைக் கொண்டுவந்தது ரயில்வே டைம்டேபிள் என்று. படிக்க ரொம்ப விறுவிறுப்பு. ஆனால் ஜெர்மன் ரயில்வேப் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டாப் என்ற தளபதியே போருக்குப் பிறகு, படையைத் திருப்ப முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதினார். அப்படியானால் டைம்டேபிள் மேல் பழி போடுவது எப்படி? டைம்டேபிளைப் போட்டவனும் ஒரு மனுஷன், மாற்ற மாட்டேன் என்றவனும் ஒரு மனுஷன்.

எனக்கு இந்தப் புத்தகங்களோடு உள்ள சண்டை இங்கேதான். ஒரு வகைப் புத்தகம் எல்லாவற்றையும் தற்செயல் ஆக்குகிறது: தவறான திருப்பம், சாண்ட்விச், ஒரு பையன். இன்னொரு வகை எல்லாவற்றையும் விதி ஆக்குகிறது: ஐரோப்பா ஒரு வெடிமருந்துப் பீப்பாய், பொறி விழ வேண்டியதுதான் பாக்கி. ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரிந்தாலும் இரண்டிலும் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஆட்கள் காணாமல் போகிறார்கள். ஒரு ஷாஃப்ட் ஒடிந்தால் கடைசியாக ஏற்றிய லோடைக் குறை சொல்லாதே, உள்ளே எவ்வளவு நாளாக விரிசல் ஓடியது என்று பார் என்று ஃபெட்டீக் பாடத்தில் படிக்கிறோம். நல்ல பாடம். கூட்டணி, ஆயுதப் போட்டி எல்லாம் அந்த விரிசல்தான். ஆனால் இரும்புக்கு "நான் ஒடிய மாட்டேன்" என்று முடிவெடுக்க வராது. மந்திரிக்கு வரும். ஷாஃப்ட் கணக்கை அப்படியே மந்திரிசபைக்குப் போட்டால் விடை தப்பும்.

யார் குற்றவாளி என்பதிலேயே நூறு வருஷமாகச் சண்டை ஓயவில்லை. 1919 ஜூன் 28-ல், சரயேவோ நடந்து சரியாக ஐந்து வருஷம் கழித்து, வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231-வது பிரிவு பொறுப்பை ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏற்க வேண்டும் என்று எழுதியது. ஜெர்மனி சும்மா இருக்குமா? தன் பழைய ரகசியக் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து 40 தொகுதிகளாக வெளியிட்டது. லெனின் மூலதனப் போட்டியே காரணம் என்று எழுதினார். நம் நேரு 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்தபடி மகளுக்கு எழுதிய உலக சரித்திரக் கடிதங்களிலும் ஏகாதிபத்தியப் போட்டிதான் முன்னால் நிற்கிறது. 1961-ல் பிரிட்ஸ் பிஷர் என்ற ஜெர்மன் பேராசிரியரே "எங்கள் நாட்டுப் பொறுப்புதான் பெரியது" என்று எழுத, அவர் ஊரிலேயே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 2012-ல் கிறிஸ்டோபர் கிளார்க், எல்லா நாட்டு மந்திரிகளும் தூக்கத்தில் நடப்பவர்கள்போல் போய் விழுந்தார்கள் என்றார். நல்ல புத்தகம்தான், ஆனால் அறுப்பு லீவைக் கணக்குப் போட்டவன் தூங்கினான் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இதெல்லாம் வெறும் பண்டிதர் சண்டை என்று நினைக்க வேண்டாம். 1962-ல் பார்பரா டக்மன் என்ற அம்மையார் 1914 ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அமெரிக்காவில் சக்கைபோடு போட்டது. அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, சாதாரண வாசகருக்கு எழுதியவர். அந்த வருஷம் அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நின்றபோது அமெரிக்க ஜனாதிபதி கென்னடி மனதில் அந்தப் புத்தகம்தான் இருந்தது. 1914-ல் நடந்தது மாதிரி யாருக்கும் வேண்டாத போரில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தன்னைச் சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார். இரு பக்கமும் அணுகுண்டு இருந்த நேரம் அது!

பக்கத்திலேயே ஒரு உதாரணம் பாருங்கள். 1982 மார்ச்சில் நடந்த மண்டைக்காடு கலவரத்தைப் பற்றி நம் மாவட்டத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் 'யார் முதலில்' என்பதற்கு ஒரு கதை கிடைக்கும். கடை மாறினால் கதையும் மாறும். அதை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் தலைமையில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது என்பது அந்தக் கதை சொல்லுகிற பாதிப் பேருக்குத் தெரியாது. முதல் கல்லைச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு முன்னால் பேசிப் பேசிச் சூடேற்றியவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

வியாபாரப் போட்டியால்தான் போர் என்று சொல்பவர்களுக்கு மணவாளக்குறிச்சி மணலைக் காட்ட வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேண்டில் இருக்கிறதே, அது பளிச்சென்று எரிவது தோரியத்தால்தான். அந்த மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஒரு ஆஸ்திரியர், அவுயர் பான் வெல்ஸ்பாக். அப்போது ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு, வீட்டுவிளக்கு எல்லாம் காஸ் மேண்டில். தோரியம் வியாபாரம் ஜெர்மனிக்காரர் கையில். ஷோம்பெர்க் இங்கே வந்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்க ஆலை வைத்தார், பிறகு சவறாவிலும் வைத்தார். 1914-ல் போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்று அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆலைகள் லண்டன் கம்பெனி கைக்குப் போயின. இன்று அங்கே இருப்பது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஜெர்மானியர், ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்தில், நம் மக்களை வைத்து மணல் சலித்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். போட்டி இருந்தது உண்மை. ஒருவரை நம்பி ஒருவர் பிழைத்ததும் உண்மை. ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். இவ்வளவு பின்னிக்கிடக்கும் வியாபாரத்தில் சண்டை போட்டால் ஜெயிப்பவனுக்கும் நஷ்டம் என்று நார்மன் ஏஞ்சல் என்பவர் 1910-லேயே ஒரு புத்தகம் எழுதிப் பெரும்பேர் வாங்கினார். நஷ்டம் என்று அவர் சொன்னது சரி. ஆனாலும் போர் வந்தது.

கடைசியாக, கொஞ்சம் பயத்தோடு எழுத வேண்டிய விஷயம். எம்டன்!

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. கேப்டன் கார்ல் பான் முல்லர். 120-க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன. துறைமுகத்தில் சிலர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் சென்னையை விட்டு ஓடினார்கள். எமகாதகனை 'சரியான எம்டன்' என்று நாம் இன்றைக்கும் சொல்வது இந்தக் கப்பலால்தான்.

நம்மூர்க் கதை என்ன சொல்கிறது? அந்தக் கப்பலில் இஞ்சினியராக, சிலர் சொல்வதில் துணைத்தளபதியாகவே, வந்தவர் நம் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துச் செண்பகராமன் பிள்ளை. பொதுமக்கள் சாகாமல் எண்ணெய்த் தொட்டியை மட்டும் குறிவைக்கச் சொன்னவரும் அவரே. எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள், மேடைகள், பட்டிமன்றங்கள் இதைச் சொல்கின்றன.

என் தேதி நோட்டை ஹாஸ்டலில் காட்டியபோது ஒரு நண்பன் கோபித்துக்கொண்டான். "லேய், நம்ம ஊருக்காரரு பேர கெடுக்கியாடே? வெள்ளக்காரன் எழுதினத நம்புவ, நம்ம ஆளு சொன்னத நம்ப மாட்டியா?" நியாயமான கேள்வி. அதனால் வெள்ளைக்காரன் சொல்வதை ஒதுக்கி வைத்துவிட்டு, காலண்டரையும் மேப்பையும் மட்டும் வைத்துப் பேசுவோம்.

செண்பகராமன் பிள்ளை 1891 செப்டம்பர் 15-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். (இப்போதைய நம் மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில்தானே இருந்தது.) 1908-ல் வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேயரோடு ஐரோப்பா போனார். அங்கே பொறியியல் படித்தார். 1914 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் சர்வதேச இந்திய ஆதரவுக் கமிட்டியின் தலைவராக இருந்தார், 'புரோ இந்தியா' என்ற பத்திரிகையும் நடத்தினார். அக்டோபரில் பெர்லினுக்குப் போய், வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியவர்களோடு இந்திய சுதந்திரக் கமிட்டியில் சேர்ந்தார்.

எம்டன் எங்கே இருந்தது? ஜூலை 31-ல் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. செப்டம்பர் 22 சென்னை. அக்டோபர் 9, 10-ல் டீகோ கார்சியா தீவு. அக்டோபர் 28-ல் பினாங்கு. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. அப்படியானால் செண்பகராமன் பிள்ளை செப்டம்பர் 22-ல் வங்காள விரிகுடாவில் இருந்துகொண்டு, அதே மாதம் ஜூரிச்சில் கமிட்டிக்குத் தலைமை வகித்து, அக்டோபரில் பெர்லினில் இறங்க வேண்டும். சுற்றிலும் கடல் முழுக்க ஆங்கிலேயர் கப்பல் தேடிக்கொண்டிருக்க, விமானப் போக்குவரத்தும் இல்லாத காலத்தில், இது எப்படி நடக்கும்? என் நண்பன் மேப்பை ரெண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்தக் கப்பல் கதை அவருடைய உண்மையான வேலையை மறைத்துவிட்டது. இருபத்து மூன்று வயது. கையில் துப்பாக்கி இல்லை, பின்னால் படை இல்லை. இந்தியாவைக் கேட்காமலே வைஸ்ராய் ஹார்டிங் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்ட நேரம். எம்டன் சென்னையைச் சுட்ட நான்காம் நாள், செப்டம்பர் 26-ல், இந்தியச் சிப்பாய்கள் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். போர் முடிவதற்குள் பதின்மூன்று லட்சம் இந்தியர்கள் அதில் ஈடுபட்டு, 74 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். சரயேவோவும் செர்பியாவும் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த நேரத்தில் ஒரு அந்நிய நகரத்து அறையில் உட்கார்ந்து, "இந்தியாவின் அனுமதி வாங்கினாயா?" என்று கேட்டுப் பத்திரிகை நடத்துவதும், ஒரு சாம்ராஜ்யத்தின் உதவியை இன்னொரு சாம்ராஜ்யத்துக்கு எதிராகக் கேட்பதும் சின்னத் துணிச்சலா? ஜெர்மன் உதவியை அவர் நாடியது சரியா என்று விவாதிக்கலாம். அந்த விவாதம் நடக்கவே இல்லை, ஏனென்றால் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டோம். 1915 டிசம்பர் 1-ல் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளிநாட்டு மந்திரியாக அவர் பெயரும் இருந்தது. அதைப் பற்றி எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை.

போர் முடிந்தும் அவர் ஊர் திரும்ப முடியவில்லை. 1934 மே 26-ல் பெர்லினில் இறந்தார். அஸ்தியை மனைவி லட்சுமிபாய் முப்பத்திரண்டு வருஷம் காத்து வைத்திருந்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. செண்பகராமன் பிள்ளை போர்க்கப்பலில் வந்தது அப்போதுதான்.